அழிக்கக் கூடாத சிலேட்டுகள்

எபிரேயம் பரலோகத்தில் பேசப்படும் மொழி என்றும், ஆகையால் பூமியில் அதைக் கற்றவனுக்குச் சோறு கிடைக்காது என்றும் படித்தவர்கள்கூட நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் பிழையை இனியும் பரவவிடுவது தகாது. முதல் பாதியைப் பற்றி எனக்கு நேரடித் தகவல் இல்லை. இரண்டாம் பாதி சுத்தப் பொய். சுதந்திரம் வந்த புதிதில், ராயபுரத்தில், எபிரேய டியூஷன் எடுத்து நான் சோறு தின்றிருக்கிறேன். குழம்பும் எப்போதும் இருந்தது என்று சொல்லமாட்டேன்.

வீடு வீடாகப் போய்ப் பாடம் சொல்லிப் பிழைக்கும் சகோதரர்களே, நம் தொழிலின் நியாயம் உங்களுக்குத் தெரியும். பிள்ளை தேறினால் பிள்ளை கெட்டிக்காரன். தேறாவிட்டால் வாத்தியார் முட்டாள். நான் வேதசாஸ்திரக் கல்லூரியில் போதகராவதற்குப் படித்து, நடுவில் வெளியேறியவன். விசுவாசம் குறைந்ததால் அல்ல. எபிரேயப் பேராசிரியரின் இலக்கணத்தை வகுப்பு நடுவில் திருத்தியதால். அதன் பிறகு கடைக்காரர் பிள்ளைகளுக்குக் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக்கொண்டிருந்தேன். மண்டைக்குள் கிடந்த எபிரேயத்தைக் கேட்பாரில்லை, பேசின் பிரிட்ஜ் யார்டில் ஷண்டிங் எஞ்சின் ஓட்டும் சாம்சன் என் வாசலில் வந்து நிற்கும்வரை.

பெயர் எழுதிய பெட்டி

சாம்சன் யூதர். கொங்கணக் கரையில் தலைமுறை தலைமுறையாகச் செக்காட்டிய கூட்டம். சனிக்கிழமையானால் செக்கை நிறுத்திவிடுவார்கள் என்பதால் அங்கே அவர்களுக்குச் ‘சனிக்கிழமை எண்ணெய்க்காரர்’ என்றே பெயர். ரயில்வே வேலை அவரைச் சென்னைக்குக் கொண்டுவந்தது. மனைவி ரிப்காபாய், ஒரே பிள்ளை டேவிட். வீட்டுக்குள் மராத்தி. வாசற்படி தாண்டினால் டேவிட் சுத்தமான ராயபுரத்துப் பையன்.

பதின்மூன்று வயது நிறைந்தால் யூதப் பையன் பெரியவன். அதுவரை அவன் செய்யும் தப்பு அப்பா கணக்கு; அதற்கப்புறம் அவன் சொந்தக் கணக்கு. அந்த வயதில் சபை முன்னால் நின்று வேதத்தில் ஒரு பகுதியை எபிரேயத்தில் வாசிக்க வேண்டும். டேவிட்டுக்கு அந்தப் பிறந்தநாள் நெருங்கிக்கொண்டிருந்தது, ஓர் எழுத்தும் தெரியாது. பம்பாயில் ஜெபாலயம் ஒன்றை நிர்வகித்துவந்த ரிப்காபாயின் அண்ணன் எசேக்கியேல், “ராயபுரத்தில் விட்டால் அவன் யூதனாக வளரமாட்டான். பையனை எனக்குக் கொடுங்கள், படிப்பும் இங்கேயே இருக்கட்டும்” என்று சொல்லி அனுப்பியிருந்தார். ரிப்காபாய் அழுது கேட்டதில் ஒரு தவணை கிடைத்தது. மழைக்காலம் முடிந்ததும் மாமா நேரில் வருவார், பரீட்சை வைப்பார். தேறினால் சடங்குக்கு மட்டும் பம்பாய் போய்வந்தால் போதும். தேறாவிட்டால் பையனைக் கையோடு கூட்டிப்போய்விடுவார்.

மாமா முன்யோசனைக்காரர். தான் வருவதற்கு முன்பே ஒரு டிரங்குப் பெட்டியை ரயில் பார்சலில் அனுப்பிவிட்டார். மூடியில் வெள்ளைப் பெயின்ட்டில் பையனின் பெயர். கூடத்து மூலையில் அது காலியாகக் கிடந்தது. வேறு நாற்காலி இல்லாததால் முதல் நாள் பாடத்துக்கு டேவிட் அதன்மேல்தான் உட்கார்ந்தான். நான் சிலேட்டில் எழுதிக்காட்டியதை வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னான்: “இன்னா சார் இது, சோத்தாங்கை பக்கத்துலேர்ந்து பீச்சாங்கை பக்கம் போவுது? எங்க நைனா கூட வேகன் கோக்கணும்னாத்தான் ரிவர்ஸ்ல வருவாரு.”

கோவை இலை

எழுத்துகளைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டான். அடுத்து வேதத்தில் அடிக்கடி வரும் சொற்கள். எல்லாவற்றிலும் அதிகம் வருவது கடவுளின் பெயர், நான்கே எழுத்து. வாசிக்கும்போது அதை அப்படியே உச்சரிக்கக் கூடாது, ‘ஆண்டவர்’ என்று பொருள்படும் வேறு சொல்லைச் சொல்லவேண்டும் என்று விளக்கினேன். எழுதிக்காட்டினேன். அவன் பார்த்து எழுதினான். நன்றாகவே எழுதினான். பிறகு எல்லாப் பிள்ளைகளையும் போலச் சட்டைப் பையிலிருந்து கோவை இலையை எடுத்துக் கசக்கி, சிலேட்டைத் துடைக்கக் கை வைத்தான்.

“நக்கோ, வேண்டாம்!” என்று ரிப்காபாய் போட்ட கூச்சலில் தெருவில் போன குதிரைவண்டிக்காரர் வண்டியை நிறுத்திவிட்டார். அந்த அம்மாள் பாய்ந்துவந்து பையன் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெயரை எழுதலாம். எழுதினால் அழிக்கக் கூடாது. எழுதிய பொருள் பழசாகிப்போனால் மண்ணில் புதைக்க வேண்டும். இதை நான் புத்தகத்தில் படித்தவன்தான். ஆனால் எங்கள் கல்லூரிக் கரும்பலகையில் அதை எழுதாத நாளும் இல்லை, டஸ்டரால் அடித்துத் துடைக்காத நாளும் இல்லை. அந்தச் சாக்குத்தூள் எங்கள் கோட்டிலும் தலைமயிரிலும் படிந்திருந்ததை நினைத்தபோது உடம்பு கூசியது. சிலேட்டை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி அலமாரி மேல் வைத்துவிட்டு, ரிப்காபாய் கும்மட்டி அடுப்புப் பக்கம் போனார். போன வேகத்தில் திரும்பிவந்து கேட்டார்: “சார், உங்க காலேஜ்ல சாமி பேரைத் துடைச்சிட்டு, அதே கையால சோறு சாப்ட்டாங்களா?”

அண்ணாச்சியின் சந்தேகம்

மாணவர்களின் மூளை எதில் வேகமாக வேலை செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மறுநாள் பாடம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், நான் சொல்லாமலே, டேவிட் புதுச் சிலேட்டின் நட்டநடுவில் அந்த நான்கு எழுத்தை எழுதினான். பலப்பத்தைக் கீழே வைத்தான். கைகட்டிக்கொண்டு என்னைப் பார்த்தான். சிலேட்டை அழிக்க முடியாது, வேறு சிலேட்டு கிடையாது, பாடம் முடிந்தது. வெளியே அவனுடைய கூட்டாளிகள் கபடிக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கடவுளின் பெயர் அந்த வீட்டில் விடுமுறைச் சீட்டு ஆகிவிட்டது. சிலேட்டு வரும், எழுத்து விழும், துணிக்குள் போகும். காகிதத்தில் எழுதச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். யுத்தம் முடிந்தும் காகிதத்துக்குக் கிராக்கி தீராத காலம் அது. ரிப்காபாயோ பூரித்துப்போனார். “பலப்பத்தைக் கையில் எடுத்தாலே என் பிள்ளைக்கு ஆண்டவர் பெயர்தான் வருகிறது” என்று பக்கத்து வீடுகளில் சொல்லிவைத்தார். பையன் என்னை ஏய்க்கிறான் என்று நானே போய்ச் சொன்னால் ஏய்க்கப்பட்டவன் யார் என்ற கேள்வி வரும்; சொல்லவில்லை. மழைக்காலம் பாதி முடிந்திருந்தது. வாசிக்க வேண்டிய பகுதியில் நாங்கள் கால்வாசி தாண்டவில்லை. பெட்டி மூலையில் கிடந்தது. நான் மறுபடியும் சிலேட்டுக்குப் போய் நின்றபோது, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் தெருவில் கடை வைத்திருந்த அண்ணாச்சி, எடுத்த சிலேட்டைக் கொடுக்காமல் மார்போடு அணைத்துக்கொண்டு கேட்டார்: “சாரே, கோவிச்சுக்கப்படாது. அந்தப் பய சிலேட்டுல எழுதுதானா, இல்ல கடிச்சுத் திங்கானா?”

ஒரே ஒரு வார்த்தை

அந்த நாட்களில்தான் எங்கள் சபைப் போதகர் என் அறைக்கு வந்தார். நல்லவர். மிஷன் பள்ளியில் காலியாக இருந்த ஆசிரியர் வேலைக்கு என் பெயரைச் சொல்லியிருந்தவரும் அவரே. நிரந்தர வேலை, மாதம் பிறந்தால் சம்பளம். வீடு வீடாக ஏறி இறங்குகிறவனுக்கு அது எப்படிப்பட்ட வார்த்தை என்று உங்களுக்குத் தெரியும். உட்கார்ந்தார், பேசவேண்டியதையெல்லாம் பேசினார், கடைசியில் வந்த காரியத்துக்கு வந்தார். “அந்த யூதப் பையன் உம் கையில் இருக்கிறான். வேதத்தையே அவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறீர். அந்த வேதத்தோடு ஒரே ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால் போதும். நான் கேட்பது அவ்வளவுதான்.”

எனக்கும் அந்த வார்த்தையில், எங்கள் இரட்சகரின் பெயரில், நம்பிக்கை உண்டு. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவன் நான். ஆனால் ரிப்காபாய் என்னை வீட்டுக்குள் விட்டது எழுத்து சொல்லிக்கொடுக்க. பிள்ளை அந்த வீட்டுப் பிள்ளையாகவே வளரவேண்டும் என்பதற்காகத்தான் வேறு மதத்தவன் என்று தெரிந்தும் விட்டார். சமையலுக்கு என்று உள்ளே போனவன் நகைப்பெட்டியைத் திறக்கலாமா? “அது பாடத்தில் இல்லை, ஐயா” என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பேச்சின் நடுவில் அவர் மேற்கோள் காட்டிய ஏசாயா வசனத்தில் வினைச்சொல்லின் காலம் தவறு என்பதையும் சேர்த்துச் சொன்னேன். வேலை வேறொருவருக்குப் போயிற்று. திறந்த ஜன்னலுக்கு வெளியே டேவிட் நின்றிருந்ததை நான் பிறகுதான் கவனித்தேன். போதகர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் திரும்பிச் சொன்னார்: “உம்மை நரகத்தில் போட்டாலும், அங்கே பிசாசுக்கு இலக்கணம் திருத்திக்கொண்டுதான் இருப்பீர்.”

காத்திவாக்கத்து எறா

ஞாயிறு பிற்பகல்களில் எண்ணூர் ரயிலேறி காத்திவாக்கத்துக்குப் போவேன். அங்கே தேசப்பன் என்ற மீனவரின் மகனுக்குக் கணக்கு டியூஷன். இனிமேல் சிலேட்டு வாங்குவதில்லை என்று சாம்சன் கையை விரித்துவிட்டதால், டேவிட்டையும் கூட்டிப்போய் அந்தக் கடற்கரை மணலிலேயே எழுதவைப்பது என்று முடிவு செய்தேன். முதல் நாள் போய்ச் சேர்ந்தபோது நல்ல பசி. தேசப்பனின் மனைவி கன்னியம்மா இரண்டு தட்டில் சோறு போட்டு, கழிமுகத்தில் பிடித்த எறாவைத் தொக்கு வைத்துப் பக்கத்தில் தள்ளினார். சிவப்பாக, எண்ணெய் மினுங்க. வாசனை குடிசையைத் தாண்டித் தெருவுக்குப் போயிருக்கும்.

செதிலும் துடுப்பும் உள்ள மீனைத்தான் யூதர்கள் உண்ணலாம். டேவிட் தட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். எச்சில் விழுங்குவது எனக்குத் தெரிந்தது. மெல்லிய குரலில், “சார், என் கணக்கு இன்னும் ஆரம்பிக்கல இல்ல? நைனா கணக்குல ஒண்ணே ஒண்ணு துன்னவா?” என்றான். வீட்டில் யாருக்கும் தெரியப்போவதில்லை. நான் வாயைத் திறந்தால் அது என் தீர்ப்பாகிவிடும். “நான் எழுத்துக்குத்தான் வாத்தியார். இது உன் வீட்டு விஷயம்” என்றேன். சோறு ஆறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் விரலால் தட்டின் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தான். பிறகு தட்டைத் தள்ளிவைத்தான். கன்னியம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. நான் காரணத்தைச் சொன்னேன். அப்படியானால் நண்டு? ஆகாது. சுறா? ஆகாது. கடம்பாக் கணவாய்? அதுவும் ஆகாது. கூடையிலிருந்து செதிலுள்ள மடவை ஒன்றை எடுத்து அருவாமனையில் தேய்த்துக்கொண்டே அவர் சொன்னார்: “எறா இல்ல, நண்டு இல்ல, சுறா இல்லன்னா, அப்பால இன்னாத்துக்குடா உங்க நைனா கடலோரமா வூடு பாத்தாரு?”

கட்டுமரம் வரும் வழி

சாப்பிட்டு முடித்து மணலுக்குப் போனோம். அலை வந்து நனைத்துவிட்டுப்போன இடம் சிலேட்டைவிட வழுவழுப்பாக இருந்தது. குச்சியை வைத்து இரண்டு வரி ஒழுங்காக எழுதினான். மூன்றாவது வரியில் பழைய புத்தி வந்துவிட்டது. ஆள் நீளத்துக்கு அந்த நான்கு எழுத்தை எழுதிவிட்டுக் குச்சியைக் கடலில் எறிந்தான். “பாடம் ஓவர் சார்” என்று சிரித்தான். நான் பதில் சொல்ல வாயெடுத்தபோது அவன் என்னைத் தாண்டி எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். சிரிப்பு நின்றிருந்தது. தேசப்பனின் கட்டுமரம் அலை மேலேறிக் கரைக்கு வந்துகொண்டிருந்தது, நேராக அந்த எழுத்துகளை நோக்கி.

கட்டுமரம் மணலில் முட்டியதும் தேசப்பனும் மற்றவர்களும் குதித்துத் தோளைக் கொடுத்துத் தள்ள ஆரம்பித்தார்கள். நனைந்த மரம், பின்னாலிருந்து அலை தள்ளுகிறது. நினைத்த இடத்தில் நிற்காது. டேவிட் ஓடினான். எழுத்துக்கும் மரத்துக்கும் நடுவில் போய் நின்று இரண்டு கையையும் விரித்தான். “டேய், நவுறு! மரம் ஏறுச்சின்னா காலு பூடும்!” என்று கத்தினார்கள். “மிதிக்காதீங்க! அத மிதிக்காதீங்க!” என்று அவனும் கத்தினான். நான் ஓடினேன், மணலில் என் செருப்பு புதைந்ததுதான் மிச்சம். அவன் கண்ணை மூடிக்கொண்டான். கால் நகரவில்லை. தேசப்பன் கடைசி நேரத்தில் தோளைச் சாய்த்துத் தள்ள, மரம் பக்கவாட்டில் திரும்பி, பையனின் முழங்காலை உரசிக்கொண்டு போய் நின்றது.

முழங்காலிலிருந்து ரத்தம் வடிந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே தேசப்பன் வந்து தரையைப் பார்த்தார். “இன்னா எய்திக்கீற?” “எங்க சாமி பேரு.” “தோ பார்றா. சாமி பேர எய்த இவனுக்கு எடம் கெடச்சிது பாரு, கட்டுமரம் வர்ற வழில!” எல்லோரும் சிரித்தார்கள், ஆனால் ஒருவரும் அதை மிதிக்கவில்லை, சுற்றிக்கொண்டுதான் வலையை எடுத்துப்போனார்கள். அடுத்து வந்த அலை முதல் எழுத்தைக் கொண்டுபோயிற்று. அதற்கடுத்த அலை மீதியை. டேவிட் என் கையைப் பிடித்துக்கொண்டு, “சார், இப்போ பாவம் யாருக்கு?” என்று கேட்டான். மனிதன் கையால் அழிப்பதற்குத்தான் தடை, அலையைப் பற்றி நான் படித்த புத்தகத்தில் இல்லை என்றேன். அவனுக்கு அது போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. வலையை உதறிக்கொண்டிருந்த தேசப்பன் இந்தப் பக்கம் திரும்பாமலே சொன்னார்: “கடலு எட்த்துகினத யாரு நைனா கேக்க முடியும்? என் தம்பிய எட்த்துகினப்போ நான் யாரப் போய்க் கேட்டேன்?”

மாமாவின் ஈரத்துணி

அதற்கப்புறம் சாம்சன் மனமிரங்கி ஒரு சிலேட்டு வாங்கினார். அந்தச் சிலேட்டு கடைசிவரை துணிக்குள் போகவில்லை. அந்தப் பெயர் வரும் இடங்களில் டேவிட் பலப்பத்தைத் தூக்கிவிடுவான். வெறும் இடம் விட்டு அடுத்த சொல்லுக்குப் போவான். பாடம் ஓடியது. ஆனால் பறிகொடுத்த வாரங்கள் பறிகொடுத்தவைதான். கடைசிப் பத்தி சரியாக ஏறுவதற்குள் மாமா வந்து இறங்கிவிட்டார். அன்று காலையிலேயே ரிப்காபாய் அழுதுகொண்டே பையனின் சட்டைகளைப் பெட்டியில் அடுக்கிவிட்டார். வேண்டாம் என்று வேண்டிக்கொண்டேதான் அடுக்கினார்.

எசேக்கியேல் ஒல்லியான மனிதர், கறுப்புக் கோட்டு, தலையில் கறுப்புக் குல்லா. அவர்கள் மராத்தியில் பேசியதைச் சாம்சன் என் காதில் தமிழாக்கிக்கொண்டிருந்தார். டேவிட் வாசித்தான். ஒரு தடவை தடுக்கினான், தானே திருத்திக்கொண்டான். ராயபுரத்து வேகம், இருந்தாலும் தவறில்லை. மாமா புத்தகத்தை மூடினார். ஆனால் முகம் இளகவில்லை. என்னைச் சுட்டி, “இந்தக் கிறிஸ்தவர் உன்னோடு ஜெபம் செய்வாரா? அவர்களுடைய சாமியைப் பற்றிச் சொல்வாரா?” என்று கேட்டார். டேவிட், “அவரா? அவருக்கு இலக்கணம்தான் சாமி” என்றான். ஜன்னலுக்கு வெளியே நின்றவன் எதைக் கேட்டான் என்று எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் ரிப்காபாய்க்குப் பெருமை தாங்கவில்லை. அலமாரி மேலிருந்து மூட்டையை இறக்கி அண்ணன் முன்னால் பிரித்தார். சிலேட்டு மேல் சிலேட்டு. ஒவ்வொன்றிலும் நடுவில் அந்த நான்கு எழுத்து, வேறொன்றும் இல்லை. மாமா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். அவரும் என் சாதிதான், புத்தகப் புழு. ஒரே பார்வையில் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒரு துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து டேவிட்டின் முன்னால் வைத்தார். “சட்டம் இதுதான். பயபக்தியோடு எழுதியிருந்தால் அழிக்கக் கூடாது, புதைக்க வேண்டும். விளையாட்டாக எழுதியிருந்தால் அதற்குப் புனிதம் கிடையாது, அழிக்கலாம். நீ எப்படி எழுதினாய்?” என்றார்.

எலிப்பொறி. பக்தியோடு எழுதினேன் என்றால் பெரியவனாகப் போகிற நேரத்தில் கடவுளின் பெயர் மேலேயே பொய். விளையாட்டாக எழுதினேன் என்றால் அம்மாவின் பெருமை போச்சு, மாமா அவனை விட்டுவைக்கவும் மாட்டார். ரிப்காபாய்க்கு அப்போதுதான் ஏதோ புரிய ஆரம்பித்தது; என் முகத்தைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். டேவிட் மராத்தியில் ஆரம்பித்தான். இரண்டு வார்த்தைக்கு மேல் அது ஓடவில்லை. “மாமு, எல்லாம் பாடத்துக்கு டபாய்க்கத்தான் எய்தினேன்” என்று தமிழுக்கு வந்துவிட்டான். “ஒண்ணு கூட பக்தில எய்தல.” சாம்சன் அதை மைத்துனருக்கு மொழிபெயர்த்தார். மாமா ஈரத்துணியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்தினார்.

டேவிட் துணியை எடுத்தான். முதல் சிலேட்டின் மேல் கொண்டுபோனான். துணியிலிருந்து ஒரு சொட்டு சட்டத்தில் விழுந்தது. கை அங்கேயே நின்றுவிட்டது. பிறகு துணியை மடித்துத் தரையில் வைத்துவிட்டுக் கையைத் தன் சட்டையில் துடைத்துக்கொண்டான்: “எய்தறப்போ விளையாட்டுதான் மாமு. அழிக்கறப்போ விளையாட்டா இல்ல. நான் அழிக்கமாட்டேன், நீ என்னை இட்டுகினு போறதுன்னா போ.”

சென்ட்ரல் ஸ்டேஷனில் ஒரு கேள்வி

மாமா எழுந்து பெட்டியிடம் போனார். மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே சட்டைகள் அடுக்கியிருந்தன. ரிப்காபாய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். மாமா முதல் சட்டையை எடுத்தார். வெளியே வைத்தார். அடுத்ததையும் எடுத்து வெளியே வைத்தார். கடைசி கால்சட்டைவரை எடுத்துத் தரையில் அடுக்கிவிட்டு, சிலேட்டுகளை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் இறக்கினார். அவருடைய ஜெபாலயத்தில் பழுதான வேதப் புத்தகங்களையெல்லாம் சேர்த்து இடுகாட்டில் புதைப்பார்களாம். சாம்சன் பூட்டைத் தேடிக்கொடுத்தார்.

மறுநாள் பம்பாய் மெயிலுக்கு எல்லோரும் போனோம். பெட்டியைத் தலைக்கு ஏற்றிய போர்ட்டர் கழுத்து நரம்பு புடைக்க இரண்டடி நடந்தார், இறக்கிவைத்தார். “இன்னா கல்லு மூட்டையா இது?” என்று மூடியைத் தட்டினார். பெயரைப் பார்த்தார், படிக்கத் தெரிந்தவர். “டேவிட்டு யாரு?” என்றார். டேவிட், “நான்தான்” என்று முன்னால் வந்தான். போர்ட்டர் அவனை மேலும் கீழும் பார்த்தார், வெறுங்கால், அரைக்கால் சட்டை, முழங்காலில் காய்ந்த காயம். “பேரு போட்ட பொட்டி போவுது, நீ ஏறலியா?” டேவிட் சொன்னான்: “இல்லண்ணே. என் சிலேட்டு போவுது. நான் அப்பால ஒரு நாளைக்குப் போய்ப் படிச்சிட்டு வந்துடுவேன்.”

ஆக, சகோதரர்களே, இத்தனை வருஷம் நான் கற்பித்ததில் பம்பாய்வரை போய்ச் சேர்ந்தவை நான்கே எழுத்துகள், அவற்றையும் அங்கே புதைத்துவிட்டார்கள். அந்த மாதத்திலிருந்து எங்கள் தெருவில் யார் சிலேட்டு வாங்கப் போனாலும், அண்ணாச்சி “எந்தப் பாஷைக்கு?” என்று கேட்டுவிட்டுத்தான் எடுத்துக்கொடுத்தார்.